கரையில் நின்றவனின் ஞாபகம்

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் 'சேற்று நதி' என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நகலெடுத்து, திரையிடலுக்கு வருபவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்த தாளில் வந்தது. 'வறுமையை அழகாக்கிக் காட்டும் குட்டி பூர்ஷ்வா ஒப்பாரி' என்பது என் தீர்ப்பு. அந்தத் தாள் யாரிடமும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அதே படத்தை ஒரு மாடி அறையில் சுவரில் ஓட்டினோம். முடிந்ததும் ஒரு நண்பர் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டி, "இதை இன்னும் சொல்றீங்களா?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சரியாக விளக்க முடியவில்லை. விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. எங்களைவிட மூத்த தோழர் ஒருவர், கண் கலங்கியிருந்தார், எழுந்து, "அப்ப எல்லாருமே ஏழைங்கதாம்ப்பா. ஆனா மனுஷன் மனுஷனா இருந்தான்" என்றார். அறையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் கோபம் இல்லை. அவருடைய கண்ணீரும் என்னுடைய பழைய ஏளனமும் ஒரே வாசிப்பின் இரண்டு பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சமமாக ஏழைகளாக இருந்த ஒரு வெதுவெதுப்பான காலத்தை இந்தப் படம் காட்டுகிறது என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். அவருக்கு அது பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் படத்தில் அப்படி ஒரு சமத்துவமே கிடையாது. கரையில் ஒரு வீடும் தண்ணீரில் ஒரு படகும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் முழுக் கதையும்.

முதலில் தகவல்கள். 'டோரோ நோ கவா' 1981இல் வெளிவந்தது. ஒகுரி கோஹெய்யின் முதல் படம். 1945இல், போர் முடிந்த அதே ஆண்டில், பிறந்தவர் அவர். மூலக்கதை மியாமோட்டோ தெரு எழுதியது, 1977இல் தஸாய் ஒஸாமு பரிசு பெற்றது. பெரிய ஸ்டூடியோ எதுவும் பின்னால் இல்லை. இரும்புப் பட்டறை நடத்திவந்த ஒரு சினிமாப் பிரியர் தயாரித்த சுயேச்சைப் படம். எல்லோரும் வண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அந்த ஆண்டு 'கினெமா ஜும்போ' இதழின் பட்டியலில் முதல் இடம், மாஸ்கோ விழாவில் வெள்ளிப் பரிசு, ஆஸ்கர் பரிந்துரை. இதையெல்லாம் பார்த்ததும் எனக்கு முன்பு சந்தேகம்தான் வந்தது. உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் ஏழ்மை என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அந்தமாதிரி வாக்கியங்கள் எழுதுவது சுலபம்.

கதை நடப்பது 1956 கோடையில், ஒஸாகாவில். டோஜிமா நதியும் தொசபோரி நதியும் கூடி அஜி நதியாகிக் கடலை நோக்கிப் போகும் இடம். கரையில் ஒரு சின்ன உதோன் கடை. நம்மூர் சேமியாவைவிடப் பலமடங்கு தடித்த கோதுமை இழையைச் சூப்பில் போட்டுத் தரும் கடை, சுமைகாரர்களும் படகோட்டிகளும் வந்து சாப்பிடுவது. கடைக்காரர் ஷின்பே போரிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய். மனைவி சதாகோ. ஒன்பது வயதுப் பையன் நொபுவோ. ஒருநாள் எதிர்க்கரையில் ஒரு வீட்டுப்படகு வந்து நிற்கிறது. அதில் நொபுவோ வயதுப் பையன் கீச்சி, அவன் அக்கா கின்கோ, தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர்களுடைய அம்மா. அப்பா இல்லை. அம்மா என்ன வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், நொபுவோவுக்குத் தெரியாது. படகுக்கு இரண்டு வாசல். பிள்ளைகள் ஒன்றில், அம்மாவைத் தேடி வருகிறவர்கள் இன்னொன்றில்.

ஏன் 1956? நாவலாசிரியர் 1947இல் பிறந்தவர், அவருடைய ஒன்பது வயது அது, அதனால் என்று விட்டுவிடலாம். அப்படி விட முடியாதபடி அந்த ஆண்டு ஜப்பானிய வரலாற்றில் உட்கார்ந்திருக்கிறது. 1956 ஜூலையில் பொருளாதாரத் திட்ட முகமை தன் ஆண்டு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. 'போருக்குப் பிந்தைய காலம்' என்று இனி சொல்ல முடியாது, அது கடந்துவிட்டது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி நாட்டின் வாய்ப்பாடாகிப்போனது. அதற்குச் சில மாதம் முன்பே, அதே சொற்றொடரைத் தலைப்பாக வைத்து ஆங்கில இலக்கிய அறிஞர் நகானோ யோஷியோ ஒரு மாத இதழில் கட்டுரை எழுதியிருந்தார். அரசு அதை எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளை அறிக்கையில் அது கொண்டாட்டமாகச் சொல்லப்படவில்லை. இடிந்ததைத் திரும்பக் கட்டுவதால் மட்டுமே கிடைத்துவந்த வளர்ச்சி தீர்ந்துவிட்டது, இனிமேல் நவீனமயமாக்கலால்தான் வளர முடியும், அது வலிக்கும் என்ற எச்சரிக்கை அது. ஜனங்கள் எச்சரிக்கையை உதறிவிட்டு அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கஷ்டகாலம் முடிஞ்சாச்சு.

யாருக்கு முடிந்தது? அந்த ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் சைபீரியாவில் சோவியத் கைதிகளாகவே இருந்தார்கள். அக்டோபரில் இரு நாடுகளும் கூட்டுப் பிரகடனம் செய்த பிறகுதான், டிசம்பர் 26 அன்று, கடைசிக் கப்பல் மாய்ஸுரு துறைமுகத்துக்கு வந்தது. அந்த ஆண்டு மே 1 அன்று, தெற்கே மினமாட்டா ஊரில், காரணம் தெரியாத மூளை நோயால் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று ஒரு தொழிற்சாலை மருத்துவமனை சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தது. முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் சிறுமிகள். தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. ஆக, நவீனமயமாக்கல் வலிக்கும் என்று அறிக்கை சொன்னது நிஜம்தான். வலி எங்கே இறங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்தப் பின்புலத்தை ஒகுரி வசனத்தில் திணித்து விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு மனிதனைச் சாகடித்துக் காட்டுகிறார். படத்தின் தொடக்கத்தில் ஒரு குதிரைவண்டிக்காரர் கடைக்கு வருகிறார். போருக்குப் போய் வந்தவர். குதிரையை விட்டுவிட்டு லாரி வாங்கப் போகிறேன் என்று நொபுவோவிடம் பெருமையாகச் சொல்கிறார். வெளியே போய்ப் பாலத்து ஏற்றத்தில் வண்டியை ஏற்றும்போது பாரம் பின்னுக்கு இழுத்து, தன் வண்டிச் சக்கரத்தின் அடியிலேயே நசுங்கிச் சாகிறார். வண்டியில் இருந்தது பழைய இரும்பு. அதைக் கவனிக்க வேண்டும். கொரியப் போர் (1950-53) ஜப்பானிய ஆலைகளுக்குக் கொண்டுவந்து கொட்டிய கொள்முதலில்தான் பொருளாதாரம் எழுந்து நின்றது. இரும்புக்கு விலை இருந்தது. 1945 ஆகஸ்ட் 14 அன்று, சரணடைவதற்கு முந்தைய நாள், குண்டுவீசி அழிக்கப்பட்ட ஒஸாகா ராணுவத் தளவாட ஆலையின் இடிபாடுகளில் ஐம்பதுகளில் இரவோடிரவாக இரும்பைத் தோண்டித் திருடிப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களில் பலர் கொரியர்கள். அவர்களை வைத்துக் கைகோ தகேஷி 1959இல் நாவலே எழுதினார். ஒரு போரின் எலும்பை இன்னொரு போருக்கு விற்றார்கள். வண்டிக்காரர் செத்த பிறகு, மழையில், அனாதையாக நிற்கும் அந்த வண்டியருகே நொபுவோ முதன்முதலாகக் கீச்சியைப் பார்க்கிறான். கீச்சி அங்கே இரும்பைத் திருடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நட்பு அங்கே ஆரம்பிக்கிறது. கவித்துவமான சந்திப்பு என்று எழுதுகிறவர்கள் மழையை எழுதுகிறார்கள், இரும்பை விட்டுவிடுகிறார்கள்.

இனி வீடும் படகும். இரண்டு வீட்டிலும் ஏழைகள்தான். ஆனால் உதோன் கடைக்கு ஒரு விலாசம் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. நொபுவோ பள்ளிக்கூடம் போகிறான், கீச்சி போவதில்லை. படகு எந்த நேரமும் அவிழ்த்துவிடப்படலாம். ஒஸாகா கால்வாய்களின் நகரம், படகிலேயே பிறந்து வளர்ந்து சரக்கு ஏற்றிப் பிழைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம் இருந்தன. சரக்கு லாரிக்கு மாற மாற அந்தப் பிழைப்பு கரைந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் ஆசைப்பட்ட லாரிதான் படகுக்காரர்களையும் தின்றது என்று சொல்லத் தோன்றுகிறது. படம் இந்த இணைப்பைப் போடவில்லை, நான் போடுகிறேன்.

கின்கோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினோரு வயது இருக்கும். ஒரு காட்சியில் அரிசிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் நுழைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நிறைய அரிசி இருக்கும் பெட்டிக்குள் கை வைத்தால் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும், அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை என்கிறாள். என் பழைய குறிப்பில் இந்தக் காட்சியைத்தான் 'வறுமையின் அழகியல்' என்று கிழித்திருந்தேன். இப்போது பார்த்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. அரிசி வெதுவெதுப்பானது என்று அறிந்திருக்க வேண்டுமானால் அரிசி இல்லாத பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டிருக்க வேண்டும். எந்தச் சொல்லாடலும் இல்லாமல் பசியைப் பற்றிச் சொல்லும் வழி அது. நொபுவோவுக்கு அது தோன்றாது, அவன் வீட்டில் பெட்டி நிறைந்துதான் இருக்கிறது.

சதாகோ நல்லவள். கின்கோவுக்கு ஒரு கவுன் கொடுக்கிறாள். பெண் போட்டுப் பார்க்கிறாள், அழகாக இருக்கிறது, பிறகு கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவ்வளவு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தானம் பெறுகிறவள் ஞாபகத்தில் தானம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நம் இலக்கியத்தில் எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறோம்!

அம்மாவை ஒரே ஒரு முறை நெருக்கமாகப் பார்க்கிறோம். கக மரிகோ நடித்தது. தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து நொபுவோவைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். அழகி, களைத்தவள். இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் இருக்கிறது. 1946இல் நேச நாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் உரிமம் பெற்ற விபச்சாரத்தை ஒழிப்பதாக உத்தரவிட்டது, பெயர் மாறி 'சிவப்புக்கோட்டுப் பகுதி'களாக அது தொடர்ந்தது. 1956 மே மாதம், பெண் எம்பிக்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, விபச்சாரத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, தண்டனைப் பிரிவுகள் 1958 ஏப்ரலிலிருந்து. முற்போக்கான சட்டம் என்றே வரலாற்று நூல்களில் வருகிறது. அதன் 5ஆம் பிரிவு தெருவில் நின்று ஆளை அழைக்கும் பெண்ணைத் தண்டிக்கிறது. பணம் கொடுத்து வரும் ஆணுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. டோக்கியோவின் அந்தப் பகுதிப் பெண்கள் சங்கம் கட்டி இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள், பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அவர்களை விடுதி முதலாளிகளின் கைப்பாவைகள் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் கேள்வி கேள்விதான். கீச்சியின் அம்மா சிவப்புக்கோட்டுக்கு உள்ளேயும் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. எந்தச் சட்டம் வந்தாலும் அவள் படகை அவிழ்த்துக்கொண்டு வேறு கரைக்குப் போக வேண்டும். பாதுகாக்கப்பட வேண்டியவளாகவும் குற்றவாளியாகவும் ஒரே நேரத்தில் ஆக்கப்பட்டவள்.

ஒரு சாயங்காலம் கீச்சியும் கின்கோவும் உதோன் கடைக்கு விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். குடித்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் படகைப் பற்றிப் பிள்ளைகள் காதுபடக் கேவலமாகப் பேசுகிறார். ஷின்பே அவரை வெளியே தள்ளுகிறார். நம் மூத்த தோழர் சொன்ன 'மனுஷன் மனுஷனா இருந்தான்' என்பதற்கு இதுதான் சாட்சி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஷின்பேதான் ராத்திரியில் அந்தப் படகுக்குப் போகக் கூடாது என்று மகனிடம் சொல்கிறவரும். இரண்டும் உண்மை. நல்ல மனுஷன் எந்த இடத்தில் நிற்பான் என்பதற்கு அந்தக் கடையின் வாசற்படி ஒரு கோடு.

அன்று கீச்சி ஒரு பாட்டுப் பாடுகிறான். 'சென்யூ', அதாவது 'போர்த்தோழன்'. 1905இல், ருஷ்ய-ஜப்பானியப் போரை ஒட்டி எழுதப்பட்டது. மஞ்சூரியாவில் செத்துப்போன தோழனைப் பற்றியது. போர்ச் சோர்வை உண்டாக்குகிறது என்றும், சண்டைக்கு நடுவில் விழுந்தவனைத் தூக்க நிற்பது ராணுவ ஒழுங்குக்கு விரோதம் என்றும் சொல்லி, பின்னாளில் ராணுவமே பாட விடாமல் தடுத்த பாட்டு. சிப்பாய்கள் பாடினார்கள். 1956இல், பள்ளிக்கூடம் போகாத ஒரு பையன் முழுசாகப் பாடுகிறான், ஷின்பே அசையாமல் கேட்கிறார். தமுரா தகாஹிரோவின் முகம் அந்த நேரத்தில் செய்வதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. உயிரோடு வந்ததற்காக வெட்கப்படும் ஒருவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். வண்டிக்காரர் செத்ததும் அவருக்குள் அதுவாகத்தான் இறங்குகிறது: போரில் சாகாமல் வந்து, இப்படி, ஒன்றுமில்லாமல், சாவது.

இந்த இடத்தில்தான் நம் திரையிடலில் சண்டை வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு தோழி எழுந்து, "அந்த மஞ்சூரியாவுல செத்த சீனாக்காரன் எங்க?" என்று கேட்டார். அவருடைய அம்மாவழிப் பூட்டன் மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு இதே ஜப்பானிய ராணுவத்தால் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. 1942-43இல் 415 கிலோமீட்டர் பாதை. ஐரோப்பியப் போர்க்கைதிகளின் சாவு புத்தகங்களாகவும் ஹாலிவுட் படமாகவும் ஆயிற்று. அங்கே பல்லாயிரக்கணக்கில் செத்த மலாயாத் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கல்லறை வரிசைகூடக் கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் தமிழில் இருப்பது நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கேள்வி நியாயமானது. போருக்குப் பிந்தைய ஜப்பானியச் சினிமாவின் ஞாபகம் பெரும்பாலும் உள்நாட்டுக் கண்ணீர். கினோஷிதாவின் 'இருபத்துநான்கு விழிகள்' (1954) அதற்கு உச்சம். ஒரு தீவுப் பள்ளிக்கூடம், ஒரு டீச்சர், பன்னிரண்டு பிள்ளைகள், போர் அவர்களில் பையன்களை விழுங்குகிறது. அந்த ஆண்டு 'ஏழு சாமுராய்'களையும் பின்னுக்குத் தள்ளிய படம். ஊரே அழுதது. போர் அங்கே புயல்போல எங்கிருந்தோ வருகிறது, யாரும் செய்ததாக இல்லை.

'சேற்று நதி'யும் அந்தக் குறையிலிருந்து முழுசாகத் தப்பவில்லை. ஷின்பே எங்கே, யார்மேல் துப்பாக்கி நீட்டினார் என்று படம் கேட்பதில்லை. நான் இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் தோழியிடம் அன்று சொல்ல மறந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒகுரியின் அடுத்த படம் 'கயாகோவுக்காக' (1984), லீ ஹோசொங் என்ற கொரிய வம்சாவளி எழுத்தாளரின் நாவலை எடுத்துக்கொண்டது. ஜப்பானில் பிறந்த ஒரு கொரிய இளைஞனின் கதை. 1952இல் சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ஜப்பானிலிருந்த கொரியர்கள் ஒரே நாளில் குடியுரிமை இழந்தார்கள். அதே ஆண்டு போரில் ஊனமுற்றோருக்கும் மாண்டவர் குடும்பங்களுக்கும் வந்த உதவிச் சட்டம், ஜப்பானிய ராணுவத்தில் சேவை செய்த கொரியர்களையும் தைவானியர்களையும் வெளியே நிறுத்தியது. அதாவது முதல் படத்தில் படகு நின்ற இடத்தில் இரண்டாவது படத்தில் ஒரு சமூகமே நிற்கிறது. கரைக்கும் படகுக்கும் நடுவிலுள்ள தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவர் அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்தார் என்பது என் வாசிப்பு.

சரி, கடைசிக்கு வருகிறேன். ஜூலை மாதம் தென்ஜின் திருவிழா. பையன்கள் இரண்டு பேரும் கையில் காசோடு போகிறார்கள். கீச்சி சட்டைப்பையில் ஓட்டை. காசெல்லாம் விழுந்துபோகிறது. நொபுவோவின் காசும் அவனிடம்தான் இருந்தது. அந்தக் கடனை அடைக்கத்தான் கீச்சி அவனைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான்: உனக்கு ஒன்று காட்டுகிறேன் வா. நண்டுகள். விளக்கெண்ணெயில் — நம்மூர் விளக்கெண்ணெய் இல்லை, விளக்கெரிக்கிற எண்ணெய் — நண்டுகளை முக்கித் தீ வைக்கிறான். நீலமாக எரிந்துகொண்டே அவை படகு விளிம்பில் ஊர்கின்றன. கீச்சியிடம் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். நொபுவோ பதறுகிறான். எரியும் ஒரு நண்டின் பின்னால் போகிறவன் ஜன்னலருகே வந்துவிடுகிறான். உள்ளே கீச்சியின் அம்மா, அவள் மேல் ஒரு ஆள். அவள் கண்ணும் இவன் கண்ணும் சந்திக்கின்றன.

இந்தக் காட்சியைப் 'பால்யத்தின் இழப்பு' என்று வழக்கமாகச் சொல்வார்கள். யாருடைய பால்யம்? கீச்சிக்கும் கின்கோவுக்கும் அது ஒவ்வொரு ராத்திரியும் பலகைக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இழப்பதற்குத் தனியாக ஒரு பால்யம் வைத்துக் கொடுக்கப்படவில்லை. இழக்க முடிந்தது நொபுவோவுக்கு மட்டும்தான். அழுதுகொண்டே இறங்கிப் போகும்போது வழியில் கின்கோ எதிரே வருகிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அவளைக் கடந்து போகிறான். எனக்கு ஜன்னல் காட்சியைவிட இதுதான் தாங்க முடியவில்லை. பார்த்துவிட்ட பிறகு அவன் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் படகை இழுவைப்படகு ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. நொபுவோ கரையோடு ஓடுகிறான், பாலங்கள் தாண்டி ஓடுகிறான், கூப்பிட்டுக்கொண்டே. படகிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த ஓட்டம் கொஞ்ச நேரம் நீள்கிறது. முன்பு இதைப் பார்வையாளனைப் பிழிந்து கண்ணீர் எடுக்கும் உத்தி என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளைப் படித்தபோது கூசியது. மன்னிப்புக் கேட்க ஓடுகிறானா, வெறுமனே பிரிவுக்காக ஓடுகிறானா என்று படம் சொல்வதில்லை. சொல்ல அவனுக்கு வாய்ப்பும் வரவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது: இந்தப் படத்தின் நினைவேக்கம் முழுக்க அந்த ஓட்டத்திலிருந்து பிறந்தது. பழைய நாள் நன்றாக இருந்தது என்கிற ஏக்கம் இல்லை, அன்றைக்குப் பேசாமல் கடந்துபோனவனின் ஏக்கம். கரையில் நின்றவனுக்குத்தான் இருபத்தைந்து வருஷம் கழித்து உட்கார்ந்து யோசிக்க ஒரு வீடும் மேசையும் கிடைத்தன. படகில் போனவர்கள் அந்தக் கோடையை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி அவன் பாவனை செய்யவும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இருக்கிறது. 2005இல் வந்த 'ஆல்வேஸ்' என்ற படம், 1958 டோக்கியோவைக் கணினியில் கட்டியெழுப்பிக் காட்டியது. பாதி கட்டிய டோக்கியோ கோபுரம் பின்னணியில் மாலை வெயிலில் மின்னும். தெருவில் எல்லோரும் ஏழைகள், எல்லோரும் நல்லவர்கள், தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் தெருவே கூடிப் பார்க்கிறது, நாளைக்கு எல்லாம் சரியாயிடும். அப்போது ஜப்பானியப் பொருளாதாரம் பதினைந்து வருஷமாகத் தேங்கிக் கிடந்தது. நாளையே இல்லாதவர்களுக்கு, நாளை இருந்த ஒரு நேற்றை அந்தப் படம் விற்றது. நன்றாக விற்றது, இரண்டு பாகங்கள் மேலும் வந்தன. மூத்த தோழர் 'சேற்று நதி'யில் பார்த்தது உண்மையில் இந்த 'ஆல்வேஸ்' தெருவைத்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கஷ்டகாலத்தை வெல்லத்தில் ஊறப்போட்டுத் தரும் கடைகள் எல்லா மொழியிலும் இருக்கின்றன.

ஒகுரி கணினியில் எதையும் கட்டவில்லை. ஆனால் அவரும் ஒஸாகாவில் படம் எடுக்க முடியவில்லை. 1981க்குள் 1956இன் ஒஸாகா காணாமல் போயிருந்தது. அறுபதுகளில் கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்தார்கள். 1964இலிருந்து உயர்மட்ட விரைவுச் சாலைகள் நதிகளின் தலைக்கு மேலேயே போடப்பட்டன. 1970 உலகக் கண்காட்சிக்கு நகரம் துடைத்து வைக்கப்பட்டது. அதனால் படக்குழு நகோயாவுக்குப் போய், அங்கே நகாகவா கால்வாயில் கடையையும் படகையும் வைத்து எடுத்தது. நாம் பார்க்கும் அந்த நதி வேறொரு ஊரின் சரக்குக் கால்வாய். அதிலும் அப்போது சரக்குப் போக்குவரத்து தேய்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் காலியாக இருந்தது, அதனால்தான் எடுக்க வசதியாக இருந்திருக்கும்.

நண்பர் நீட்டிய தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கின்கோ கவுனைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.